விழுந்தது விழுந்த இடத்தில்

முன்பெல்லாம் அந்த அக்கா வீதியில் நேராக நடந்து நான் கண்டதில்லை. இந்தப் பக்கத்து வேலியிலிருந்து அந்தப் பக்கத்து வேலிக்குப் போவார். அங்கே குனிந்து நிமிர்ந்துவிட்டுத் திரும்ப இந்தப் பக்கம் வருவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் பகல் வேளையிலேயே குடிவெறியில் நடக்கிறாரோ என்று நினைப்பார்கள். இறங்குதுறைக்கென்று விடியப் புறப்பட்டாலும் போட் கயிறு கழற்றுகிற நேரத்தில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலி. பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. இடையில் சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஆடு ஏறிப் பாய்ந்தால் ஒரு கல் விழும். குதிரை முதுகு தேய்த்தால் ஒரு பாகமே சரியும். விழுந்த கல்லை முதலில் காண்கிறவர் எடுத்து வைத்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். யாருடைய வேலி என்று பார்ப்பதில்லை. கோபத்தில் கதை பேச்சு இல்லாத வீட்டு வேலியென்றாலும் கல்லை வைத்துவிட்டுத்தான் போவார்கள். இதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் மற்றவர்கள் அவசரம் என்றால் காணாத மாதிரிப் போவதும் உண்டு. அக்காவுக்கு அது ஏலாது.

அவருடைய மனுசன் கடலுக்குப் போகிறவர். பகிடிக்காரர். சந்திக் கடையில் எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சொல்வார்: "உவளைப் பாடையிலை கொண்டுபோகேக்கையும் வழியிலை எழும்பி ஒரு கல்லை வைச்சிட்டுத்தான் திரும்பப் படுப்பாள்."

"ஓம், வைப்பன். காவுறவை கொஞ்சம் நிண்டு களையாறட்டும்" என்பார் அக்கா.

கல்லைத் தூக்கியதும் வைத்துவிடமாட்டார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேலியில் அது விட்டுப்போன பள்ளத்தைப் பார்ப்பார். வைத்தபிறகு விரலை மடக்கி மெதுவாகத் தட்டுவார். கல் அசைந்து சத்தம் போட்டால், "கதைக்குது" என்று சொல்லி எடுத்து வேறு மாதிரி வைப்பார். கல் வாய்மூடும்வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். அவர் அடுக்கிய வேலி எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போல. எங்கள் அப்பா பத்திரங்களில் விரல் அடையாளம் வைக்கிறவர், எழுத்துக்கூட்ட வராது. ஆனால் வீதியில் போகும்போது, "இது இன்னாற்றை கை, அது இன்னாற்றை கை" என்று வேலிகளை வாசித்துக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகமும் போய் வந்து, ஊரிலேயே ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தீவுக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் சம்பந்தமான வேலை. பெயர்ப்பலகை, குப்பைத் தொட்டி, கழிப்பறைத் தண்ணீர், இதுகளோடு நாள் போகும். சனம் காலையில் குறிகட்டுவான் துறையிலிருந்து போட்டில் வந்து இறங்கும். ஓட்டோவிலும் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏறிப் பெருக்கு மரம், புறாக்கூடு, கோட்டை, வளருகிற கல், குதிரைகள் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் பின்னேரப் போட்டுக்குத் திரும்பிவிடும். நேரம் மிஞ்சியவர்களைச் சாரதிமார் துரை வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாரோ ஒரு துரை இருந்ததாகச் சொல்லப்படுகிற வீடு. கூரை எப்போதோ போய்விட்டது. கடலைப் பார்த்தபடி ஒரு நீளச் சுவரும் அதில் வளைவு வைத்த வாசலும் மட்டும் நின்றன. அந்த வளைவுக்குள்ளே கடல் தெரிகிற மாதிரி நின்று படம் எடுப்பதுதான் அங்கே விசேஷம்.

பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான சேர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். நல்ல மனிதர். எத்தனையோ இடங்களைத் தனி ஆளாகப் பார்க்கிறவர், எப்போதும் களைத்திருப்பார். ஒருநாள் துரை வீட்டுக்கு ஒரு காவல் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு என்னோடு வந்தார். வழியில் அக்கா யாருடையதோ வேலியில் கல் வைத்துக்கொண்டு நின்றார். சேர் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். அக்கா கல்லைத் தட்டிப் பார்த்து, எடுத்து, மாற்றி வைத்து, திரும்பத் தட்டி முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இப்பிடி ஓராள்தான் எனக்கு வேணும்" என்றார்.

அப்படித்தான் அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. பகலில் அங்கே இருக்க வேண்டும். சுவரில் ஆட்களை ஏறவிடக்கூடாது, ஆடுகளைக் கலைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேலை கிடைத்து அதிக நாளாகவில்லை. சேர் திரும்பி வந்தார். துரை வீட்டின் தெற்கு மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அங்கே சிதறிக் கிடந்த கற்களெல்லாம் மேலே ஏறியிருந்தன. நல்ல இறுக்கமான, வடிவான வேலி. ஒரு கல்கூடக் கதைக்காது. அக்கா பக்கத்தில் கைகட்டிக்கொண்டு, பரீட்சையில் நல்ல மாக்ஸ் எடுத்த பிள்ளையின் முகத்தோடு நின்றார்.

சேர் போனை எடுத்துப் பழைய படத்தைக் காட்டினார். "அம்மா, இதிலை பாருங்கோ. இந்த இடம் யன்னல்."

அக்கா கிட்டப்போய்ப் பார்த்தார். "ஓம் சேர். யன்னலாலை ஆடு பூருமெல்லோ."

சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபிறகுதான் அவருடைய முகம் வாடியது. ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு ஆறுதலாகச் சொன்னார். "அம்மா, ஒரு கல்லு எங்கை விழுந்து கிடக்குதோ, அதை வைச்சுத்தான் அது முந்தி எங்கை இருந்ததெண்டு கண்டுபிடிக்கிறது. நீங்கள் எடுத்து அடுக்கினால் அந்தச் சாட்சி அழிஞ்சு போச்சு. நீங்கள் கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இனி ஒரு கல்லையும் தொடாதையுங்கோ. விழுந்தது விழுந்த இடத்திலை கிடக்கட்டும்."

"ஓம் சேர்" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "அப்ப இதைப் பிரிச்சுப் பழையபடி பரவிவிடட்டோ?" என்று கேட்டார்.

"ஐயோ வேண்டாம் அம்மா. பிரிக்கிறதுக்கும் அனுமதி எடுக்க வேணும்."

அதனால் அந்த மூலை அப்படியே நின்றது. ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போனால் கண்டுவிட்டு, "எடியே, துரை வீட்டுக்கும் ஆட்டுவேலி கட்டிப்போட்டாய். துரைக்கு எத்தினை ஆடு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஓட்டோச் சாரதி ஒருவர் வருகிற சனத்துக்கு அந்த மூலையைக் காட்டி, "இதுதான் ஒல்லாந்தற்றை கைவேலை, பாருங்கோ, இண்டைக்கும் ஆடேல்லை" என்று விளக்கம் சொல்வதை நானே கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு யன்னலை அடைத்துவிட்டேன் என்ற எண்ணம் அவருக்குள் முள்ளுப்போல ஏறியிருந்தது. அங்கே போகும்போதெல்லாம் தெற்கு மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

கையைக் கட்டுப்படுத்துவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சீலைத் தலைப்பை இரண்டு கையிலும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு இருப்பார். குளிருக்குப் போர்த்திக்கொண்ட மாதிரி. வெயில் கொளுத்துகிற நேரத்திலும் அப்படித்தான்.

நாட்டின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்களச் சனம் வருகிற காலம். என்னிடம் சிங்களத்தில் ஒரு வசனம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். "அத தியன்ன எப்பா." கைவைக்க வேண்டாம் என்று அர்த்தம். அந்த ஒரு வசனத்தோடு முழு நாளையும் ஓட்டினார். சுவரில் சாய்கிறவர்களுக்கும் அதுதான், பெயர் கீறுகிறவர்களுக்கும் அதுதான். யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சனத்துக்கும் வாய்தவறி அதையே சொல்வார். ஆடுகளுக்கும் சொன்னார். ஒருநாள் குதிரையொன்று சுவரோடு முதுகு தேய்க்க வந்தபோது அதனிடமும் சொன்னார். அது போய்விட்டது.

"பாத்தீரே தம்பி, குதிரைக்குச் சிங்களம் விளங்குது."

அந்த நாட்களில் சனத்துக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. விழுந்து கிடக்கிற சின்னக் கற்களைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரம் மாதிரி வைத்துப் படம் எடுப்பார்கள். எடுத்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். துரை வீட்டு முற்றம் முழுக்க அந்தக் குட்டிக் கோபுரங்கள். அக்கா வசனத்தைச் சொல்லிக்கொண்டு ஓடுவார். அவர்கள் சிரித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இன்னொரு கல்லை வைப்பார்கள். அவர் ஏதோ நல்வரவு சொல்கிறார் என்று நினைப்பார்களோ என்னவோ.

"அவை தொடலாம், நான் தொடக்கூடாதோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"அவையும் தொடக்கூடாது அக்கா."

"அதை ஆர் அவைக்குச் சொல்லுறது?"

"நீங்கள்தான்."

"நான்தான்" என்று திரும்பச் சொன்னார். தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

மாரி தொடங்குகிற காலம். ஒரு காலையில் அக்கா என்னுடைய அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா வாரும். வளைவுக்குக் கீழை ஒரு கல்லு வெளிக்கிட்டிட்டுது."

சைக்கிளில் போய்ப் பார்த்தேன். வளைவைத் தாங்குகிற காலின் அடியில் ஒரு கல் முழுசாக வெளியே வந்து மண்ணில் கிடந்தது. அது இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்துக்குள்ளிருந்து சுண்ணாம்பு மா மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. எவ்வளவு நேரத்துக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"வாடைக்காத்து எழும்ப முந்தி இதை வைக்க வேணும்" என்றார் அக்கா. "நீர் சேருக்கு ஒரு போன் அடியும். நீர் படிச்சனீர், உம்மடை சொல்லுக்கு மதிப்பிருக்கு."

படம் எடுத்து அனுப்பிவிட்டுச் சேரோடு கதைத்தேன். அவர் பதறித்தான் போனார். உடனே மேலே அறிவிப்பதாகச் சொன்னார். அனுமதி கொழும்பிலிருந்து வர வேண்டும், பிறகு அந்த வேலை தெரிந்த ஆட்கள் வர வேண்டும் என்றார்.

"அதுவரைக்கும் ஒரு பனங்குத்தியை வைச்சு முட்டுக் குடுக்கட்டோ சேர்?"

"முட்டுக் குடுக்கிறதும் வேலைதான் தம்பி. அதுக்கும் எழுத்திலை அனுமதி வேணும். எனக்கு அந்த அதிகாரம் இருந்தால் இப்பவே ஓமெண்டு சொல்லியிருப்பன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா அடைத்த யன்னலை நானும் பார்த்தவன். கண்டவர்களெல்லாம் கல் வைக்கத் தொடங்கினால் துரை வீடு இன்னும் கொஞ்ச நாளில் ஆட்டுப்பட்டி ஆகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பள்ளமும் உண்மை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அக்கா என்னைக் காண்கிற இடமெல்லாம், "போன் வந்ததோ தம்பி?" என்று கேட்பார். இறங்குதுறையில், கோயிலடியில், கடையில். "இன்னும் இல்லை அக்கா." "சரி. நாளைக்கு வருமாக்கும்." அவர் நம்பிக்கையோடு கேட்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. எங்கள் அப்பாவும் அப்படித்தான். பெடியன் படித்துவிட்டான், ஒரு போன் அடித்தால் அலுவல் முடியும் என்று நம்புகிறவர். நான் சேருக்கு அடித்தேன். சேர் தனக்கு மேலே அடித்தார். மேலே யாரோ இன்னும் மேலே அடித்திருப்பார்கள்.

ஒரு மத்தியானம், மழை மூட்டமாக இருந்ததால் சனம் வரவில்லை. நான் போனபோது அக்கா அந்தக் கல்லின் முன்னால் குந்தியிருந்தார். தலைப்பைச் சுற்றவில்லை. வலக்கை கல்லுக்கு மேலே, தொடாமல், நின்றது. பானையில் சூடு பார்க்கிற மாதிரி. நான் வந்த சத்தம் கேட்டும் கையை எடுக்கவில்லை.

"வையுங்கோ அக்கா" என்றேன். "நான் காணேல்லை."

"நீர் காணாட்டில் என்ன? ஊர் காணும்." நாடியால் தெற்கு மூலையைக் காட்டினார். "என்ரை கை தெரியும்."

"தெரிஞ்சால் தெரியட்டும். வளைவு நிண்டால் போதும்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்டைக்கும் நான் நல்லதுக்கெண்டுதான் வைச்சனான். வைச்சு யன்னலை அடைச்சுப்போட்டன். இது எதை அடைக்குமோ ஆருக்குத் தெரியும்? சேருக்கு ஓமெண்டு சொன்னனான் தம்பி." கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு கல்லுத்தான். அதுதான் விசர் பிடிக்குது. ஒரேயொரு கல்லு."

நான் ஏன் அதை எடுத்து வைக்கவில்லை என்று இதை வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும். எனக்கு வைக்கத் தெரியாது. புத்தகத்தோடு இருந்த பிள்ளையென்று என்னை யாரும் வேலியடிக்கு விட்டதில்லை.

அந்தக் கிழமையே வாடை எழும்பியது. போட் ஓடவில்லை. இரண்டு நாட்கள் யாரும் வீட்டைவிட்டு இறங்க முடியாத மழை. மழை விட்ட காலையில் நான் துரை வீட்டுக்குப் போனேன். எனக்கு முதலே அக்காவும் மனுசனும் அங்கே நின்றார்கள். வளைவு இல்லை. வளைவின் இரண்டு பக்கத்துச் சுவரும் இல்லை. கடல் மறைப்பே இல்லாமல் அகலமாகத் தெரிந்தது. கற்கள் தண்ணீர் விளிம்புவரைக்கும் சிதறிக் கிடந்தன. நின்றது தெற்கு மூலை மட்டும்தான். அக்காவின் ஆட்டுவேலி. ஒரு கல்லும் அசையவில்லை.

பகிடிக்காரர் அன்றைக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் இரண்டு கையும் தலைப்புக்குள் இருந்தன.

சேருக்குப் போன் எடுத்தேன். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "ஒண்டையும் ஒருத்தரும் தொடேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

"அது நல்லது. விழுந்தது விழுந்த இடத்திலை கிடந்தால் எப்பவாவது ஒருநாள் திரும்பக் கட்டலாம். அம்மாவுக்கு நான் நன்றி சொன்னதெண்டு சொல்லும்."

நான் அதைச் சொன்னேன். கல் வைத்ததற்கு ஒருநாளும் யாரிடமும் நன்றி கேட்காத மனுசிக்கு, வைக்காமல் விட்டதற்கு வந்த நன்றி. "ஓம்" என்றார் அக்கா.

"அந்தக் கல்லை வைச்சிருந்தால் நிண்டிருக்குமோ அக்கா?"

"நிண்டிருக்குமெண்டு நான் சொல்லேல்லை" என்றார். "விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும். வைச்சுப் பாத்திருக்கலாம்."

போட் திரும்ப ஓடத் தொடங்கியதும் சனமும் வந்தது. வளைவு இல்லாததால் எல்லோரும் தெற்கு மூலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அக்கா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் வீதியில் வரும்போது ஏதோ ஒரு வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. அவர் நேராக நடந்து வந்தார். நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. அனுமதி அதுவரைக்கும் வரவில்லை. சொல்லிவிட்டுப் போவோம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். படலைக்குப் பக்கத்தில் வேலியிலிருந்து ஒரு கல் விழுந்து கிடந்தது. அந்த இடைவெளியால் ஆடு பூர்ந்து முருங்கைக் கன்றுகளை மொட்டையாக்கியிருந்தது. மனுசன் படலையடியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீர் ஒருக்கா உவளோடை கதையும் தம்பி. நான் வைக்கட்டோ எண்டால் கிடக்கட்டும் எண்டுறாள். வீதியாலை போறவை வைக்க வந்தாலும் கிடக்கட்டும் எண்டுறாள்."

அக்கா விறாந்தையில் கதிரையில் இருந்தார். குனிந்து அந்தக் கல்லைத் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரம். வேலியில் அது விட்டுப்போன பள்ளத்தில் வைத்தேன். விரலை மடக்கித் தட்டினேன். கதைத்தது. திருப்பி வைத்தேன். இன்னும் மோசமாகக் கதைத்தது. குத்தென வைத்துப் பார்த்தேன், என் காலடியில் விழப் பார்த்தது, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அத தியன்ன எப்பா."

வெளியூர்ச் சனத்துக்குச் சொல்கிற அதே குரல். பகிடியாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். மனுசனும் அப்படி நினைத்துத்தான் பார்த்திருப்பார். அக்கா சிரிக்கவில்லை. தலைப்புக்குள் கைகளை வைத்துக்கொண்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் கிடந்த இடத்தில் புல் வெளிறி, அதே வடிவத்தில் ஒரு தடம் இருந்தது. குனிந்து அந்தத் தடத்துக்குள் கல்லை வைத்தேன். அங்கே அது ஆடாமல் இருந்தது.